இஷ்யூக்களை நேரலையில் தீர்ப்பது: ஒரு திறமூலப் பராமரிப்பாளரின் அனுபவம்

நான் பராமரிப்பது இரண்டு சிறிய திறமூலத் திட்டங்கள், அதாவது யாரும் நிரலைப் பார்த்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடியவை. ஒன்று, வசன வரிக் கோப்புகளைத் திருத்த உதவும் கட்டளைவரிக் கருவி. நேரம் தள்ளிப்போயிருந்தால் சரிசெய்யும், நீண்ட வரிகளை உடைக்கும், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். மற்றது, அந்தக் கருவிக்கு அடியில் இருக்கும் பைத்தான் நூலகம். இரண்டிலும் வருமானம் கிடையாது. குழு என்று சொல்லிக்கொள்ள ஆளும் கிடையாது. சில காலமாக இவற்றின் வேலையில் பெரும்பகுதியை நேரலையில்தான் செய்கிறேன்.

நேரலை என்றதும் புதிதாக எதையோ கட்டி எழுப்பிக் காட்டப்போகிறேன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் நேரலையில் அது அபூர்வம். வந்து கிடக்கும் இஷ்யூக்களை, அதாவது பயனர்கள் பதிவுசெய்த வழு அறிக்கைகளையும் கோரிக்கைகளையும், படிப்பேன். மற்றவர்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகளை (திட்டத்தில் சேர்க்கச் சொல்லி வரும் நிரல் மாற்றங்களை) பார்ப்பேன். என் நிரல் நம்பியிருக்கும் பிறருடைய சார்புத் தொகுப்புகளைப் புதுப்பிப்பேன். ஆவணத்தில் பழசாகிப்போன பத்திகளைத் திருத்துவேன். எப்போதாவது ஒரு புதிய பதிப்பின் வெளியீடு. "இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், அல்லது இதுபோல ஒன்றைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவர்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நேரலையில் நிரல் எழுதும் ஆசையை எனக்கு மூட்டியவர்கள் பெரிய காரியங்களைத் தொட்டவர்கள். கேசி முராடோரி 2014 நவம்பரில் ஒரு விளையாட்டை வெற்றுக் கோப்பிலிருந்து எழுதத் தொடங்கி, ஒவ்வொரு வரியையும் விளக்கிக்கொண்டே போனார். ஆண்ட்ரியாஸ் கிளிங் 2018இல் செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கி, நிரல் எழுதும்போதே காணொளியாகப் பதிவுசெய்து வெளியிட்டார். அதற்குள் வளர்ந்த உலாவிதான் பின்னர் லேடிபேர்ட் என்று தனித் திட்டமானது. ஜான் கியெங்செட்டின் ரஸ்ட் நிரல்மொழி நேரலைகள் மணிக்கணக்கில் நீளும். இவர்களைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே செய்வோம் என்று இறங்குவது, மாலை நேரத்தில் இரண்டு மணிநேரம் மட்டும் கிடைக்கிற ஆளுக்குச் சரிப்படாது என்பது என் எண்ணம்.

காரணம், புதிய அம்சம் எழுதுவதில் நீண்ட மௌனங்கள் உண்டு. தாளை எடுத்து வரைய வேண்டும், எழுதியதை அழிக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். பார்ப்பவருக்கு அங்கே எதுவும் நடப்பதாகத் தெரியாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில், யோசித்து முடிக்காத வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டு நாமும் தொடர்ந்துவிடுவோம். பராமரிப்பு வேலை சிறு சிறு துண்டாக வருகிறது. ஒரு இஷ்யூவுக்கு இருபது நிமிடம், அரை மணி. பாதியில் நுழைகிறவருக்கும் கதை புரிந்துவிடும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு தீர்மானம் இருக்கிறது: ஏற்பதா, மறுப்பதா, தள்ளிவைப்பதா. நிரலை யாரும் ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) படித்துக்கொள்ளலாம். ஒரு கோரிக்கையை ஏன் மறுத்தோம் என்பதற்குப் பின்னால் ஓடிய யோசனை அங்கே பதிவாகும் எந்த மாற்றத்திலும் (கமிட்டிலும்) இருப்பதில்லை. நேரலையில் காட்டத் தகுந்தது அதுதான்.

ஒரு எழுத்து, எத்தனை எழுத்து?

இதற்கு ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் வசன வரிகளைக் கருவி உடைக்கும்போது, சில வரிகள் ஒற்றைத் துணைக்குறியோடு தொடங்குகின்றன, முன்னால் ஒரு புள்ளி வட்டம் தெரிகிறது என்று ஒருவர் இஷ்யூ போட்டிருந்தார். மாதிரிக் கோப்பும் இணைத்திருந்தார். மாதிரிக் கோப்போடு வரும் இஷ்யூவை நேரலைக்கென்றே எடுத்துவைத்துவிடுவேன். பார்ப்பவர்களும் அதைத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் தவறும் சோதனை ஒன்றை எழுதினோம். பிறகு அந்த வரியின் குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரும் எண்களை, ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிட்டேன். 'நிலா' என்பது படிப்பவருக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது நான்கு குறியீட்டுப் புள்ளிகள்: ந, இகரக் குறி, ல, ஆகாரக் குறி. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 12 பைட். பைத்தானின் லென் செயற்கூறு இதற்கு 4 என்று விடை சொல்லும். வரிக்கு இத்தனை எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பை என் நூலகம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிட்டு வந்தது. வரம்பு சரியாக ந-வுக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவில் விழுந்தால் எழுத்து இரண்டாகப் பிளக்கும்.

அதுவரை நேரான வழி. பார்ப்பவர்கள் எழுதும் சாட்டில் ஒருவர், "அப்படியானால் 'கொ' எப்படி எண்ணப்படும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால் பாதி வழுவைத்தான் தீர்த்திருப்பேன். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. ஒரு விசைப்பலகையில் எழுதிய சொல்லை இன்னொரு விசைப்பலகையில் எழுதித் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் கருவியின் தேடலிலும் அதே சிக்கல் இருந்தது. யாரும் புகார் செய்யவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துகளைப் படிப்பவரின் கண்ணோட்டத்தில் பிரிப்பதற்கு யூனிகோட் அமைப்பே விதிகள் வகுத்திருக்கிறது. ரீஜெக்ஸ் என்ற வெளித் தொகுப்பில் அதற்கான வசதி இருக்கிறது. அதைச் சேர்ப்பதா, நாமே எழுதுவதா என்று சாட்டில் விவாதம். யூனிகோட் அட்டவணைகளைப் பதிப்புக்குப் பதிப்பு புதுப்பிக்கும் வேலையை என் தலையில் ஏற்றிக்கொள்ள நான் தயாரில்லை. சார்பைச் சேர்த்தோம்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. பயனரின் கோப்பில் இருக்கும் இரண்டு துண்டு ஒகரத்தைக் கருவி தானாகவே ஒரே துண்டாக்கி எழுதிவிடலாமா? சாட்டில் பெரும்பாலோர் ஆக்கிவிடலாம் என்றார்கள். நான் மறுத்தேன். நேரத்தை மட்டும் அரை நொடி தள்ளச் சொன்ன ஒருவருடைய கோப்பில், அவர் கேட்காமலேயே எழுத்துகளை மாற்றினால், மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் கருவியின் டிஃப்பில் (வேறுபாட்டுப் பட்டியலில்) கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரியும். ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்குவது, திரும்ப எழுதும்போது இருந்தபடியே எழுதுவது, மாற்ற விரும்புகிறவருக்குத் தனி விருப்பத்தேர்வு தருவது என்று முடிவானது. விவாதம் பாதியில் கொஞ்சம் சூடாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இதே கேள்வியோடு வந்தவர்களுக்குக் காரணத்தை ஒரே பத்தியில் என்னால் எழுதிக் காட்ட முடிந்தது. காரணங்களை அன்றே நாலு பேர் முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேனே.

இதே வழுவைத் தனியாக உட்கார்ந்து தீர்த்திருந்தால், வரி உடைக்கும் செயற்கூற்றை மட்டும் திருத்திவிட்டு இஷ்யூவை மூடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தமாக யோசிக்கும்போது இடையில் விட்ட படிகள் நம் காதுக்கே கேட்கின்றன. யாரோ ஒருவர் அதைப் பிடித்துக் கேள்வியாக்கிவிடுகிறார்.

திரையும் ஒலியும்

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. திரையைப் பிடித்து அனுப்ப ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள் போதும், அதுவும் திறமூலம்தான். ஆனால் நிரல் நேரலைக்கே உரிய சில நுணுக்கங்கள் உண்டு. விளையாட்டு நேரலைக்கான வழிகாட்டிகளில் அவை கிடைப்பதில்லை.

எழுத்தின் அளவு முதலாவது. உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகப் பெரிதாகத் தெரியும் அளவுதான் கைபேசியில் பார்ப்பவருக்குப் படிக்கும் அளவு. திரையை 1080பி-இல் அனுப்பிவிட்டு எழுத்தைச் சிறிதாக வைப்பதைவிட, 720பி-இல் பெரிய எழுத்தோடு அனுப்புவது மேல். பிட்ரேட்டும் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவும்) குறையும், இணைப்பு தடுமாறினாலும் தாங்கும். நிரலில் திரை பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் நொடிக்கு 30 ஃப்ரேம் தாராளம்.

நிறங்கள் இரண்டாவது. நேரலைக் காணொளி வழக்கமாக 4:2:0 என்ற முறையில் சுருக்கப்படுகிறது. வெளிச்சத்தின் விவரம் முழுமையாகப் போகும். நிறத்தின் விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து உங்கள் திரையில் கூர்மையாகத் தெரியும், பார்ப்பவருக்கு மங்கிக் கரையும். டிஃப்பில் நீக்கப்பட்ட வரிகள் பெரும்பாலும் சிவப்பில்தான் வருகின்றன என்பது இந்த வேலையில் ஒரு கொடுமை. வெளிச்ச வேறுபாடு அதிகமுள்ள வண்ணத் தொகுப்பை நேரலைக்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

கேமரா இல்லாமல் ஒப்பேற்றலாம். மைக் மோசமானால் ஒருவரும் தங்க மாட்டார்கள். ஓபிஎஸ்ஸின் ஒலிமானியில் பேச்சு மஞ்சள் பகுதியில் இருக்க வேண்டும், சிவப்பைத் தொடக்கூடாது. ஆர்என்நாய்ஸ் என்ற இரைச்சல் நீக்கி அதற்குள்ளேயே இருக்கிறது. விசைப்பலகைச் சத்தத்தை அது ஓரளவு அடக்கும். கணினியில் பதிவும் செய்வதாக இருந்தால் வழக்கமான எம்பி4 வேண்டாம், எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலோ மென்பொருள் முடங்கினாலோ எம்பி4 திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைத்துக்கொள்ளும். பின்னணி இசை? வேண்டாம். 2020இல் பதிப்புரிமை அறிவிப்புகள் குவிந்தபோது டுவிட்ச் ஒளிபரப்பாளர்கள் பலர் தங்கள் பழைய பதிவுகளையே அழிக்க வேண்டியதாயிற்று.

எந்தத் தளம் என்று கேட்பவர்களுக்கு: கண்டுபிடிக்கப்படுவது முக்கியமென்றால் யூடியூப் அல்லது டுவிட்ச். யூடியூபில் முதல் முறை நேரலை வசதியைச் செயல்படுத்த 24 மணிநேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை என்று அறிவித்துவிட்டு சனிக்கிழமை காலையில் பொத்தானைத் தேடாதீர்கள். டுவிட்சில் பழைய பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் நீக்கப்பட்டுவிடும் என்பதால் பிரதியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தச் சேவையகத்தில் நடத்த ஓன்காஸ்ட், பியர்ட்யூப் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் திறமூலம். கொள்கைக்காக அவற்றில் மட்டும் நடத்துகிறவர்களை மதிக்கிறேன். நான் இரண்டு இடத்திலும் அனுப்புகிறேன்.

எதைக் காட்டக்கூடாது

ரகசியங்கள் கசியும் வழி நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதில்லை. கடவுச்சொல் போன்ற ரகசியங்களை வைக்கும் சூழல் மாறிகள் இருக்கும் கோப்பை யாரும் தெரிந்தே திறக்க மாட்டார்கள். ஆனால் டெர்மினலில் பழைய கட்டளையைத் தேடும்போது, எப்போதோ டோக்கனோடு (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறியீட்டோடு) சேர்த்து அடித்த வரி ஒரு கணம் எட்டிப்பார்க்கும். உலாவியின் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து அடித்தவுடன் பரிந்துரைகள் விரியும். கோப்பு தேடும் பெட்டியில் வேறு வாடிக்கையாளரின் திட்டப் பெயர் வந்து நிற்கும். நகல் நிர்வாகி கடைசியாக எடுத்த கடவுச்சொல்லைக் காட்டும். சோதனை தோற்கும்போது சில கருவிகள் சூழல் மாறிகள் அனைத்தையும் கொட்டிவிடும்.

ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருப்பதை விட, நேரலைக்கென்றே இயங்குதளத்தில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிவிடுவது நல்லது. அதில் மின்னஞ்சல் இல்லை, செய்திச் செயலிகள் இல்லை, வேறு திட்டங்கள் இல்லை, கட்டளை வரலாறும் புதிது. ரெப்போக்கள் இருக்கும் தளமான கிட்ஹப்புக்கு, என் இரண்டு ரெப்போக்களுக்கு மட்டும் செல்லுபடியாகும், விரைவில் காலாவதியாகும் டோக்கன். ஓபிஎஸ்ஸில் முழுத் திரையைப் பிடிக்காமல் சாளரத்தை மட்டும் பிடிப்பது கூடுதல் அரண்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏதாவது தெரிந்துவிட்டால், முதலில் டோக்கனைச் செல்லாததாக்குங்கள். காணொளியை நிறுத்துவது, வெட்டுவது எல்லாம் பிறகு. எங்கே போய் அதைச் செல்லாததாக்குவது என்பதை நேரலைக்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்துவைத்திருந்தால் அந்த நேரத்தில் கை நடுங்காது.

வெளியீட்டில் இந்தத் தொல்லையை இப்போது அடியோடு தவிர்க்கலாம். பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைப்பிஐ 2023இல் நம்பகமான பதிப்பாளர் முறையைக் கொண்டுவந்தது. பதிப்புக்குக் குறிச்சொல் இட்டவுடன் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற தானியக்க வசதி வழியாகத் தொகுப்பு தானாக ஏறும். நீண்டகால டோக்கன் என்று ஒன்றை எங்கும் சேமித்துவைக்க வேண்டியதே இல்லை. வெளியீட்டை நேரலையில் செய்ய எனக்குத் துணிவு வந்தது அதற்குப் பிறகுதான்.

பாதுகாப்புக் குறைபாடு பற்றிய அறிக்கைகள் நேரலைக்கு வரவே கூடாது. பொது இஷ்யூவாக யாராவது அறியாமல் போட்டிருந்தால்கூட, படித்தவுடன் "இதைத் தனியாகப் பார்க்கிறேன்" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவேன். கிட்ஹப்பில் குறைபாடுகளைத் தனிப்பட அறிவிக்கும் வசதி இருக்கிறது. அதைச் செயல்படுத்தி, எப்படிப் பயன்படுத்துவது என்று ரெப்போவிலேயே எழுதிவைப்பது இந்த நெருக்கடியைப் பெரிதும் குறைக்கும்.

எளிதில் மறந்துபோகும் இன்னொன்று: கிட் வரலாற்றில் பங்களிப்பாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன. அவை ஏற்கெனவே பொதுவில் உள்ளவைதான். என்றாலும் அவற்றைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டுப் பதிவு செய்வது வேறு விஷயம். வரலாற்றைக் காட்டும் கட்டளையின் வடிவத்தை மாற்றி, பெயரும் தலைப்பும் மட்டும் வருமாறு வைத்திருக்கிறேன்.

அடுத்தவரின் நிரல்

நேரலையில் நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர் தன் நிரலை உலகத்துக்குத் திறந்துதான் வைத்திருக்கிறார். அதனால் அதை முப்பது பேர் முன்னால் வரிவரியாக அலசிக் காட்ட அவர் சம்மதித்ததாக ஆகிவிடுமா? ஆகாது என்பேன். குறிப்பாக, முதன்முதலாகப் பங்களிக்கிறவர். அவருடைய நிரலில் சாட்டில் ஒருவர் சிரிப்புக் குறி போட்டால் போதும், அவர் திரும்ப வரமாட்டார். அவர் அப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, பதிவு இருக்கிறதே.

அதனால் புல் ரிக்வெஸ்ட் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: "இதை நேரலையில் பார்க்கலாம்." அதில் குறியிட்டவற்றை மட்டும்தான் எடுப்பேன். குறியிடாததற்குக் காரணம் கேட்பதில்லை, வரிசையில் பின்னுக்குத் தள்ளுவதும் இல்லை. ஆச்சரியமாக, பலர் குறியிடுகிறார்கள். சிலர் அந்த நேரத்தில் சாட்டிலும் வந்து உட்கார்ந்து, "அந்தச் செயற்கூற்றை ஏன் அப்படி எழுதினேன் தெரியுமா" என்று சொல்கிறார்கள். பல நாட்கள் இழுத்திருக்கக்கூடிய கேள்வி பதில் ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது.

ஆனால் அங்கே பேசியதை அங்கேயே விட்டுவிடக்கூடாது. அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் ஒரு பழைய நெறி உண்டு: மின்னஞ்சல் பட்டியலில் நடக்காத தீர்மானம் தீர்மானமே அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை, எல்லோருக்கும் மணிக்கணக்கில் காணொளி பார்க்க முடியாது, சிலருக்குக் கேட்க முடியாது. காணொளிக்குள் எழுத்தைத் தேடவும் முடியாது. எனவே ஒவ்வொரு துண்டு முடிந்ததும், அடுத்ததைத் தொடும் முன்பே, இஷ்யூவில் மூன்று நான்கு வரி எழுதுகிறேன்: என்ன முடிவு, என்ன காரணம், யார் என்ன மாற்றுக்கருத்து சொன்னார்கள். பார்ப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் சலிப்புதான். பொறுத்துக்கொள்கிறார்கள்.

சாட்டிலிருந்து வரும் நிரலுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒருவர் ஒரு வரியைச் சொல்லி நான் எழுதினால் கமிட் செய்தியில் இணை ஆசிரியராக அவர் பெயரைச் சேர்க்கிறேன்; கிட்ஹப் 2018 முதல் அதை முறையாகக் காட்டுகிறது. எந்தப் பெயர், எந்த முகவரி என்று அவரைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய துண்டையே ஒட்டினால் ஏற்பதில்லை. எங்கிருந்து எடுத்தார், அதன் உரிமம் என்ன என்று ஓடும் சாட்டில் சரிபார்க்க முடியாது. லினக்ஸ் கருநிரலில் 2004 முதல், "இந்த நிரலைத் தரும் உரிமை எனக்கு உண்டு" என்று பங்களிப்பாளர் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒப்பமிடும் வழக்கம் இருக்கிறது. என் சிறிய திட்டத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். இருந்தாலும் "புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புங்கள்" என்று சொல்வதற்கு அது நல்ல சாக்கு.

சாட்டோடு வாழ்வது

நாம் பேசுவது பார்ப்பவருக்குச் சில நொடிகள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். யூடியூபில் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. குறைத்தாலும் முழுக்கப் போகாது. அதனால் "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உடனே அமைதியானால் அந்த மௌனம் இரு மடங்காக நீளும். கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு சிறு வேலையைத் தொடர்வது பழக வேண்டிய ஒன்று.

நான் தேடும் வழுவை ஒருவர் முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். சில நேரம் அது வரம், சில நேரம் பத்து பேர் பத்துத் திசையில் இழுப்பார்கள். அரை மணிநேரம் என் வழியில் போகிறேன், பிறகு உங்கள் யோசனைகளை எடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய அம்சம் கேட்டு வருகிறவர்களிடம் எதையும் நேரலையில் ஒப்புக்கொள்வதில்லை. முகம் பார்த்து ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது மறுக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில் சொல்லும் "சரி"யை அடுத்த பல வருடம் பராமரிக்க வேண்டியது நாம்தான். இஷ்யூ போடுங்கள், எழுத்தில் பேசுவோம்.

நிரலைத் தானே நிரப்பும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை நேரலையில் அணைத்துவைக்கிறேன். வேண்டாம் என்ற கொள்கை ஒன்றுமில்லை. நான் காரணம் சொல்லும் முன்பே பத்து வரி திரையில் முளைத்துவிடுகிறது, பார்ப்பவர்கள் அதைப் படிக்கப் போய்விடுகிறார்கள், பேச்சு அறுந்துபோகிறது.

தமிழில் பேசுகிறேன். கலைச்சொற்களுக்குத் திண்டாடுவதில்லை; கமிட் கமிட்டாகவே இருக்கட்டும், ஏன் என்ற விளக்கம் மட்டும் தமிழில் போகிறது. இதனால் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆங்கில நேரலைகளில் ஒருபோதும் சாட்டில் வாய்திறக்காதவர்கள் இங்கே கேள்வி கேட்கிறார்கள். எழுத்துக் குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுகிறேன், பிற நாட்டுப் பயனர்களுக்காக.

யாரும் இல்லாத நாட்களும் உண்டு. எண்ணிக்கை காட்டும் பலகத்தை மூடிவிட்டு, யாரோ இருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டே போவேன். வேலை எப்படியும் செய்ய வேண்டியதுதானே. வாரத்தில் குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு உட்கார்ந்துவிடுவதால் இஷ்யூக்கள் தேங்குவதில்லை. நேரலையால் எனக்குக் கிடைத்த உறுதியான ஆதாயம் இதுதான் என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

அதற்கான முன்னேற்பாடு சிறிது. முந்தைய நாளே மூன்று இஷ்யூக்களைத் தேர்ந்தெடுப்பேன். அதில் ஒன்று நிச்சயம் முடியக்கூடியது. மெய்நிகர் சூழலைக் கட்டி, சோதனைகளை ஒருமுறை ஓட்டிவைத்துவிடுவேன். தொகுப்பு இறங்குவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரலையைவிடக் கொடுமை இல்லை. வெளியீட்டை அமர்வின் தொடக்கத்தில் செய்வேன், கடைசியில் அல்ல. ஏதாவது உடைந்தால் சரிசெய்யத் தெம்பும் நேரமும் மிச்சமிருக்க வேண்டும்.

சாவி யாரிடம்

2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் திறமூல மென்பொருளில் நடந்த சம்பவம் வெளிவந்தது. வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைத் துருவிப்போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வைத்தவர் முகம் தெரியாத அந்நியர் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த இணைப் பராமரிப்பாளர். தனியாளாக, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் "வேறு யாருக்காவது பொறுப்பைக் கொடுங்கள்" என்று வேறு சில கணக்குகள் முன்பே மின்னஞ்சல் பட்டியலில் நெருக்கியிருந்தன. இன்னொரு நுணுக்கம்: பின்கதவை இயக்கிவைத்த உருவாக்க நிரல், வெளியிடப்பட்ட கட்டுக் கோப்பில் (பிறர் பதிவிறக்கிப் பயன்படுத்தும் தொகுப்பில்) இருந்தது, கிட் ரெப்போவில் இல்லை.

நேரலை இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு என் திட்டத்தில் வெளியீடு எப்படி நடக்கிறது என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று யோசித்தேன். அதற்குமுன் வெளியீட்டுப் படிகள் என் நினைவில் மட்டுமே இருந்தன. நேரலையில் ஒருமுறை செய்துகாட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் படிகளைக் குறித்துவைத்து அனுப்பினார். அதுவே இப்போது ரெப்போவில் வெளியீட்டு ஆவணமாக இருக்கிறது. கட்டுக் கோப்பு என் கணினியில் உருவாவதில்லை. பொதுவில் தெரியும் பணிப்பாய்வில்தான் உருவாகிறது.

அவரேதான் இப்போது இணைப் பராமரிப்பாளர். எடுத்தவுடன் எல்லா அனுமதியும் கொடுக்கவில்லை. முதலில் இஷ்யூக்களை வகைப்படுத்தும் அனுமதி, பிறகு மாற்றங்களைத் திட்டத்தில் சேர்க்கும் (மெர்ஜ் செய்யும்) அனுமதி. பிரதான கிளை பாதுகாக்கப்பட்டது; மாற்றம் யாருடையதானாலும் மற்றவர் ஒப்பாமல் உள்ளே போகாது, என்னுடையதும் சேர்த்து. பைப்பிஐயில் அவருக்கு இன்னும் உரிமையாளர் நிலை கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை, எப்போது கொடுப்பேன் என்பதையும் ஒரு நேரலையில் அவரை வைத்துக்கொண்டேதான் பேசினோம். அடுத்த பெரிய வெளியீட்டை அவர் தன் திரையில் நடத்துகிறார். நான் சாட்டில் இருப்பேன்.